இடக்கட்டு

முதல் சுற்றை வலப்பக்கமாகத்தான் கட்டினான் மசணன். அதிலொன்றும் சந்தேகமில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே, மனசுக்குள் வலம், வலம் என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினான். மூங்கில் சிம்பு கூடைக்குள்ளிருந்து வெளியே வந்து, விளிம்பின் மேலேறி, வலப்பக்கம் ஒரு விரலகலம் நகர்ந்து மறுபடி உள்ளே போனது. ஆச்சு, ஒரு சுற்று. இது மாதியின் கூடை. மாதி அவன் பெண்டாட்டி. போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் கல்குவாரி வேண்டாமென்று கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போனவள் இன்னும் திரும்பி வரவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துப் பேச அவன் யாரையும் விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவன் இப்போது மலையிலிருந்து இறங்கி வந்து, கோயமுத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மண்டபத்தில், சமுக்காளத்தின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். தலைக்கு மேலே அவன் முடைந்த கூடைகள் கயிற்றில் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துணித்துண்டு, துணித்துண்டில் ஒரு பேர். காட்டை வெட்டாதே என்றதற்காக, ஆற்றை மறிக்காதே என்றதற்காக, மலையைத் தோண்டாதே என்றதற்காகக் கொன்றுபோட்ட ஆதிவாசிகளின் பேர்கள். எந்தெந்த நாட்டு மலைகளோ, வாயில் நுழையாத பேர்கள். சாயங்காலம் ஜனங்கள் வந்து பார்ப்பார்களாம். எல்லாம் முடிந்தது, இது ஒன்றுதான் பாக்கி. விளிம்பைக் கட்டிவிட்டால் வேலை தீர்ந்தது.

வலம், வலம். மலைமேல் அவர்கள் குடியிருக்கிற பதியில் உயிரோடு இருப்பவர்கள் கூடைக்கெல்லாம் வலக்கட்டுதான். ஒருத்தர் செத்துப்போனால் அவருக்கென்று ஒரு கூடை முடைவார்கள். அதற்கு மட்டும் சிம்பு வெளியேயிருந்து உள்ளே போகும், இடப்பக்கமாக நகரும். கடைசி முடிச்சைக் கத்தியால் அறுக்கக்கூடாது, பல்லால் கடிக்கவேண்டும். ஒரு பிடி ராகியைப் போட்டுக் குழிமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். இடக்கட்டுக் கூடையை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டினதை அவிழ்க்கவும் மாட்டார்கள், அவிழ்த்தால் போனவர் போகிற வழியில் பாதியில் நிற்பார். மண்டபத்து அம்மா சுகிர்தா இதையொன்றும் கேட்கவில்லை. கூடைகள் வேண்டும் அண்ணா, உங்க பதிக் கூடையாவே இருக்கட்டும், என்றுதான் கேட்டாள். இடக்கட்டு போடவேண்டுமென்று முடிவு பண்ணினது மசணன்தான். எங்கேயோ ஒரு காட்டில் சுட்டுப் போட்டிருப்பார்கள், ஆற்றில் தள்ளியிருப்பார்கள், அந்த மனுசனுக்கு ஊரில் யார் என்ன செய்தார்களோ செய்யவில்லையோ, நம்ம கையால் கட்டுவோம், போகட்டும், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தான். கொழுந்தியாள் ரேசி, மாதிக்கு இளையவள், கூட உட்கார்ந்து மூங்கிலைப் பிளாச்சுப் பிளாச்சாக வகுந்து கொடுத்தாள். ஒவ்வொரு கூடை முடிந்ததும் முந்தானையிலிருந்து ஒரு பிடி ராகி எடுத்துப் போட்டாள். அந்தக் கூடை முகம் தெரியாத எவனோ ஒருத்தனுக்கு என்றாலும் ஒவ்வொரு தடவையும் அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த மூங்கிலை எடுத்தாள். இப்போது எதிர்ச் சுவரோரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவனைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி பார்க்கிறாள். பாரு, நல்லாப் பாரு, வலக்கட்டுதான், உன் அக்காளுக்கு வலக்கட்டுதான் போடுறேன், என்ன பண்ணுவே.

இந்த ஏசி ஒரு சனியன். சிம்பு ஊறவைத்து எடுத்த கொஞ்ச நேரத்திலேயே காய்ந்து முறுக்கிக்கொள்கிறது. பாட்டில் தண்ணீரைத் தெளித்தால் வாட்ச்மேன் ஓடி வருகிறார், ஐயா தரை, ஐயா தரை என்று. தரைக்கு என்ன, துடைத்தால் போச்சு. மூங்கில் வெடித்தால் யார் துடைப்பது. மாதி இருந்திருந்தால் அந்த ஆளை இரண்டு வார்த்தையில் உட்காரவைத்திருப்பாள். தாசில்தாரையே உட்காரவைத்தவள். உங்க பதி ரெக்கார்டிலேயே இல்லையேம்மா என்று அந்த மனுசன் சொன்னபோது, அப்போ இத்தனை வருசமா ஓட்டுக் கேக்க ஆருகிட்டங்க வந்தீங்க, பேய்ககிட்டயா, என்று கேட்டாள். கிராமசபையே சிரித்தது. தாசில்தாரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தது குவாரிக்காரனோடு வந்த இரண்டு பேர் மட்டும்தான். ஒருத்தன் பல் குத்திக்கொண்டு மாதியையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ராத்திரி மசணன் சொன்னான், கொஞ்சம் அடக்கிப் பேசலாமே புள்ளே என்று. உனக்கும் சேத்து நான் பேசறேன், எனக்கும் சேத்து நீ கூடை முடை, அதுதான பேச்சு, என்று கன்னத்தில் இடித்தாள். வாயில்லாப் பூச்சி என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். அதில் அவனுக்கு வருத்தமில்லை. அவள் வாய் இரண்டு பேருக்குப் போதும். எங்கே போனது அந்த வாய். எங்கேயோ பேசிக்கொண்டிருக்கும். கேரளத்துப் பக்கம் தோட்டத்தில் ஒளிந்திருக்கலாம், போலீசுக்குப் பயந்து, குவாரிக்காரனுக்குப் பயந்து. பயப்படுகிறவளா அவள்? ஏன், பயந்தால் என்ன, மனுசிதானே. பயந்து ஓடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

டர்ரென்று சுவரில் துளை போட்டார்கள். கை அதிர்ந்து சிம்பு பட்டென்று முறிந்தது. சை. நான்கைந்து சுற்றுப் போட்டிருந்தான், எல்லாம் வலம், எல்லாம் போயிற்று. உருவி எறிந்துவிட்டு ஈரத்துணிக்குள்ளிருந்து வேறொரு சிம்பு எடுத்தான். விரல் அதன் முனையைத் தானே கண்டுபிடித்துச் செருகியது. ஏணி மேல் நின்றவர், சாரிங்ணா, என்றார். பரவால்லீங்க. அந்த ஏணிக்காரரிடம் காலையிலேயே சொல்லிவைத்திருக்கிறான், மாதி பேர் போட்ட கூடையை மட்டும் அந்தக் கூட்டத்தில் மாட்டவேண்டாம், கதவோரமாக மாட்டுங்கள் என்று. சுகிர்தாவிடமும் கேட்டாகிவிட்டது. ஏன் அண்ணா, நடுவுல இருந்தாத்தானே எல்லாரும் பார்ப்பாங்க, என்றாள். கதவுப் பக்கம் காத்து வருமுங்க, என்றான். கண்ணாடிக் கதவு, எந்தக் காற்று வரும்? அவள் சரி அண்ணா என்றுவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெண். மாதி பேரை இந்தக் கூடைகளோடு சேர்க்கலாமா என்று கேட்கப் பதிக்கே நடந்து வந்தாள், செருப்பறுந்து வெறுங்காலோடு வந்து நின்றாள். உங்களுக்கு மனசில்லைன்னா வேண்டாம் அண்ணா, ஆனா பேப்பர்ல போட்டோ வரும், நாலு பேர் பேசுவாங்க, கேஸைத் திரும்ப எடுக்கச்சொல்லி வக்கீல் கேக்கலாம், என்றாள். போட்டோ வரும் என்றதுதான் அவன் காதில் விழுந்தது. போட்டோவைப் பார்த்து எங்கேயாவது ஒரு தோட்டத்தில், ஒரு பஸ் ஸ்டாண்டில், இந்தப் பொம்பளையை நான் பார்த்தேனே என்று ஒருத்தர் சொல்லமாட்டாரா. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டான். செத்தவர்கள் நடுவில் பேர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கூடை வலக்கட்டு, இடம் கதவோரம். இந்த ஜனத்துக்கு எந்தக் கட்டு என்று தெரியவா போகிறது. மாதிக்குத் தெரியும். வந்து பார்த்தால் சிரிப்பாள், அட வாயில்லாப் பூச்சி, ஊரையே ஏமாத்திட்டியே, என்பாள்.

வக்கீல் சொன்னது வேறு நினைவுக்கு வருகிறது. வேண்டாமென்றாலும் வருகிறது. இதே மண்டபத்து மாடியில்தான் சொன்னார். உடம்பு கிடைக்காம கொலைக் கேஸ் நிக்க வைக்கறது ரொம்பக் கஷ்டமுங்க, காணாமப் போனவங்கன்னு ஃபைலை மூடிட்டாங்க, ஒரு உடம்பு, ஒரு அடையாளம் இருந்திருந்தா அந்த ரெண்டு பேரும் இன்னைக்கு வெளியே சுத்த மாட்டாங்க. அவர் சொல்லிக்கொண்டேயிருக்க மசணன் அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு காட்டினார்களே. மூன்று தடவை ஏட்டையா ஆள் விட்டுக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறையில் காட்டினார்களே. முதலில் ஒரு கிழவி, ஆற்றில் எடுத்தது. பார்த்ததுமே தெரிந்தது, இல்லீங்க. அப்புறம் ஒரு சின்னப்பெண், கல்யாண வயசுகூட இல்லை, பாவம், அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மூன்றாவது கல்குழித் தண்ணீரில் கிடைத்தது. முகம் இல்லை. முகமென்று சொல்ல ஒன்றுமில்லை. துணியும் இல்லை. அங்கே வேலை செய்கிற ஆள் போர்வையைக் கொஞ்சமாகத்தான் விலக்கினார், தங்கமான மனுசன், அதற்கு மேல் விலக்கவேண்டாமென்று அவருக்கே தோன்றியிருக்கும். ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. இடக்கை. உள்ளங்கை கீழே பார்த்துக் கவிழ்ந்திருந்தது. தண்ணீரில் ஊறிய கை, யார் கையாகவும் இருக்கலாம். உசரம்? படுத்திருப்பவர் உசரம் எப்படித் தெரியும். முடி? எல்லாருக்கும் முடிதான்.

கல்யாணமான புதுசில் மாதி மூங்கில் சீவப் பழகினாள். அவன்தான் பழக்கினான். கத்தி வழுக்கி இடது உள்ளங்கையில் பெருவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கிழித்துவிட்டது. என்ன ரத்தம். வெட்டுக்காயப் பச்சிலையைக் கசக்கி வைத்துக் கட்டி அவன் அழுதான், அவள் சிரித்தாள். அழாதே, எனக்கு இனிமே கூடை வேலை இல்லை, நல்லதாப் போச்சு, என்றாள். ஆறினபிறகும் அந்தத் தழும்பு புடைத்துக்கொண்டு நின்றது. இருட்டில் கையைப் பிடித்தாலும் விரலில் தட்டும். அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவான். கையைத் திருப்பிக் காட்டட்டுங்களா, என்று பிணவறை ஆள் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். உள்ளங்கையிலே மச்சம், தழும்பு ஏதாச்சும் இருந்தா அடையாளம் தெரியுமுங்க. வேண்டாமுங்க, என்றான் மசணன். இது இல்லீங்க. பாக்காமயே சொல்றீங்களே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க, என்றார் ஏட்டையா. இல்லீங்க, எம் சம்சாரம் இல்லீங்க. எவ்வளவு சத்தமாகச் சொன்னான். அந்தச் சத்தத்தில் அவனுக்கே ஆச்சரியம். வாயில்லாப் பூச்சிக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு குரல். வெளியே கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதைக் குடித்தான், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். அடியில் தங்கின சர்க்கரையை விரலால் வழித்துக்கூட நக்கினான். பெண்டாட்டியை உள்ளே போட்டுவிட்டு ஒருத்தன் அப்படிக் குடிப்பானா? குடிக்கமாட்டான். அதனால் அது மாதி இல்லை. இந்தக் கணக்குத்தான் எத்தனை ராத்திரி அவனைத் தூங்கவைத்தது. யாரும் வந்து கேட்காததால் அந்த உடம்பை முனிசிபாலிட்டிக்காரர்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்களாம். அனாதைப் பிணம் புதைக்கிற இடத்தில் கல்லும் நடுவதில்லை, கம்பும் நடுவதில்லை, நேற்றுப் புதைத்த இடமே இன்றைக்குத் தெரியாதாம். அதை ஏன் அவன் விசாரித்தான். சம்பந்தமில்லாத பிணத்தை எங்கே புதைத்தால் அவனுக்கென்ன. ஒருநாள் பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று, பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்துவிட்டு வந்தானே, அது எதற்கு. சும்மாதான். மனுசன் சும்மா ஒரு இடத்துக்குப் போகக்கூடாதா. திருப்பிப் பார்த்திருந்தால் தழும்பு இருந்திருக்காது. இருந்திருக்காது. வெறும் கையாக, யாரோ ஒருத்தியின் கையாக இருந்திருக்கும், நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கலாம். அப்படியானால் ஏன் திருப்பவில்லை? மறுபடி இங்கேதான் வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் இந்த இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது. ஒரு கையைத் திருப்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்.

அண்ணா ஆச்சுங்களா, கதவு திறக்கப் போறோம், என்றாள் சுகிர்தா. ஆச்சுங்க, ஆச்சுங்க, என்று சொல்லிவிட்டுக் குனிந்தான். உண்மையிலேயே ஆகிவிட்டிருந்தது. விளிம்பு முழுக்கச் சுற்றிவந்து, ஆரம்பித்த இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளிதான் மிச்சம். கட்டு அழகாக, சீராக, நெருக்கமாக விழுந்திருந்தது. இத்தனை கூடையிலும் இவ்வளவு நல்ல கட்டு விழவில்லை. பார்த்துக்கொண்டேயிருந்தான். சிம்பு வெளியேயிருந்து உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு சுற்றும் வெளியேயிருந்து உள்ளே. ஒவ்வொரு சுற்றும் இடப்பக்கம். ஐயோ. கூடையைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தான், மடியில் கவிழ்த்துப் பார்த்தான். எப்படிப் பிடித்தாலும் இடம் இடம்தான். சிம்பு முறிந்ததே, புதுச் சிம்பைச் செருகினானே, அப்போது பார்த்தானா? பார்க்கவில்லை. ஏணிக்காரர் சாரிங்ணா என்றார், இவன் பரவால்லீங்க என்றான், கை தன்பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. இத்தனை நாளாக அது படித்த பாடம் இடக்கட்டுதானே, அதற்கு வேறென்ன தெரியும். அவிழ்த்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நகத்தைச் சிம்பின் அடியில் கொடுத்தான். நகம் அங்கேயே நின்றது. அவிழ்த்தால் பாதி வழியில் நிற்பாள். எங்கே, அந்த வேலிக்குள்ளா? கல்லில்லாத மண்ணுக்குள் தலையைத் தூக்கி, யாரோ கூப்பிட்டார்களே, யாரோ போகச் சொன்னார்களே, இப்போது வேண்டாம் என்கிறார்களே என்று கேட்டுக்கொண்டு நிற்பாளா. இப்படி ஒன்றை நினைத்ததிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. அவள் மண்ணுக்குள் இருக்கிறாள் என்றல்லவா நினைத்துவிட்டான். நினைத்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை. ஐப்பசியிலிருந்து ஐப்பசிக்குக் கட்டிக் காப்பாற்றி வந்தவளைத் தன் கையாலேயே அனுப்பிவிட்டான். ஆசை தீரக் கத்தலாம்போல் இருந்தது. ஆனால் பிணவறையில் கத்தியதோடு அந்தக் குரல் தீர்ந்துபோய்விட்டது.

நிமிர்ந்தபோது ரேசி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ. அவள் கண் விளிம்பின் மேல் இருந்தது. இந்த மண்டபத்தில் அந்தக் கட்டைப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டும்தான். மாமா, என்றாள். "கையைத் திருப்பிப் பாக்கலை ரேசி" என்றான். எந்தக் கை, எங்கே என்று அவள் கேட்கவில்லை. "தெரியும் மாமா. நீ ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து கையை அத்தனை நேரம் கழுவினபோதே தெரியும்" என்றாள். "கேட்டிருந்தா நீயும் போயிருவியோன்னு பயந்துக்கிட்டுக் கேக்கலை." சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ராகி இருந்தது. மற்ற கூடைகளுக்குக் கொண்டுவந்ததெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டது, இது தனியாக, வேறொரு முடிச்சில் கட்டிவைத்திருந்தது. எத்தனை நாளாக வைத்திருந்தாளோ. மசணன் கடைசிச் சுற்றைப் போட்டான், வெளியேயிருந்து உள்ளே. முடிச்சை இறுக்கினான். கத்தி பக்கத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. குனிந்து சிம்பைப் பல்லால் கடித்தான். காய்ந்த மூங்கில் ஈறில் குத்தியது, உப்புக் கரித்தது. ரேசி ராகியைப் போட்டாள். இந்தத் தடவை அவள் அழவில்லை.

சுகிர்தா வந்து கூடையைப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா வந்திருக்கு அண்ணா, என்றாள். மசணனுக்கு வக்கீல் நினைவுதான் வந்தது. வக்கீலிடம் சொல்லவேண்டும், நானாகத்தான் இல்லையென்று சொன்னேன் என்று சொல்லவேண்டும். சொல்லி என்ன ஆகப்போகிறது, எந்த மண்ணைத் தோண்டுவார்கள், அந்த இரண்டு பேரில் பல் குத்துகிறவன் இப்போது பஞ்சாயத்தில் ஏதோ பதவியில் இருக்கிறான். இருந்தாலும் சொல்லவேண்டும். இன்றைக்கு இல்லை. வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஏணிக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கண்ணாடிக் கதவோரம் சாத்தி, நீங்க சொன்ன எடத்துல ஆணி அடிச்சிட்டேனுங்ணா, கூடையைக் குடுங்க, என்று கை நீட்டினார். மசணன் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தான். கால் மரத்துப்போயிருந்தது, ரேசி தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வேண்டாமுங்க" என்றான். "நடுவுல மாட்டுங்க. எல்லாரோடயும்."